இரண்டு மாவட்டத்துக்கு நடுவில் நான் போட்ட ரோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நரிக்குடிக்குக் கிழக்கே, மழை பெய்தால் நெல்லு, பெய்யாவிட்டால் கருவேல முள்ளு என்று கிடந்த காட்டில் கரிமூட்டம் போட்டேன். அந்தக் கரியை ஏற்றிப் போக லாரி வாங்கினேன். டிரைவர் வைக்கவில்லை, நானே ஓட்டினேன். ஒரு லாரி மூன்று லாரி ஆனது. திருச்சுழியில் மரக்கடை வைத்தேன். உப்புத் தண்ணி என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணி எடுத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். அருப்புக்கோட்டையில் வீடு கட்டினேன், அந்தத் தெருவில் முதல் மாடி என்னுடையது. படிச்சவன், பரம்பரைச் சொத்துக்காரன் எல்லாம் இருக்கிற தெரு அது. இதெல்லாம் கண்ணால் பார்க்கலாம். மறுக்க ஆளில்லை.

இன்னொன்றும் செய்தேன். விருதுநகர் மாவட்டமும் சிவகங்கை மாவட்டமும் சந்திக்கிற இடத்தில், எங்கள் ஊருக்கும் எங்க அக்கா ஊருக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த காட்டில் ஒரு ரோடு போட்டேன். அதை மறுக்கத்தான் இப்போது ஆள் வந்துவிட்டது.

போன மாதம் அந்த இடத்தில் கறுப்புக் கல் ஒன்றைத் திறந்தார்கள். தார் போட்டாயிற்று, பளபளவென்று இருக்கிறது. கல்லில் "புதிய இணைப்புச் சாலை" என்று வெட்டி, கீழே வரிசையாகப் பேர்கள். என்னையும் கூப்பிட்டுப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். மைக்கில் பேசினவர், "ரெண்டு மாவட்டத்துக்கும் நடுவுல இதுவரைக்கும் பாதைன்னு ஒண்ணே கிடையாது" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு கிடையாது.

நான் பிறந்தபோது எங்களுக்கு மெட்ராஸ் ஸ்டேட்டு, ராமநாதபுரம் மாவட்டம். பேருதான் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீசு இருந்தது மதுரையில். ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் எங்க அப்பா கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார். தெலுங்குக்காரர்கள் தனியாக, மலையாளத்துக்காரர்கள் தனியாக, கன்னடத்துக்காரர்கள் தனியாக என்று ஸ்டேட்டைப் பிரித்தபோது நான் டவுசர் போட்ட பையன். அருப்புக்கோட்டை தறித் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும், வெளியே தமிழும் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அன்றைக்கும் தறியை நிறுத்தவில்லை. எல்லைக் கோடு அவர்கள் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வரவில்லை. கோடு எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம். அது உன் மேலே விழாத வரைக்கும் அது பேப்பர் செய்தி.

லாரியில்தான் நான் இந்தத் தேசத்தைப் படித்தேன். கரி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், பூனா என்று போவேன். போர்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது, தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஸ்டேட்டு மாறுவது எனக்குக் காதில் தெரியும். ஒரு ஸ்டேட்டுக்காரன் போட்ட தார் முடியும், கொஞ்ச தூரம் குண்டும் குழியும், அப்புறம் அடுத்தவன் தார் தொடங்கும். டயர் சத்தம் மாறும். உடனே வேகத்தைக் குறைத்துப் பேப்பர்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன், செக்போஸ்ட்டு வந்துவிடும். கிளீனர் கேட்பான், "எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீக?" நான் சொல்வேன், "ரோடு சொல்லுதுடா."

நான் ஓட்ட ஆரம்பித்தபோது இருந்த ஸ்டேட்டுகள் நான் ஓட்டி முடித்தபோது இல்லை. வடக்கே பெரிசு பெரிசாகக் கிடந்தவை உடைந்தன. கடைசியில் ஆந்திராவும் இரண்டானது. முந்தின லோடுக்கு நிற்காமல் போன இடத்தில் அடுத்த லோடுக்குத் தடுப்புக் கட்டை போட்டு ஒருத்தன் பெர்மிட்டு கேட்டான். "நான் முப்பது வருசமா இந்த வழிதான் வாரேன்" என்றேன். "நீ அதே ஆளுதான், நாங்கதான் வேற" என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தக் கோடு என் வீட்டு வாசலில் விழுந்துவிட்டது.

ராமநாதபுரத்தை மூன்றாக உடைத்தார்கள். நல்லதுக்குத்தான் உடைத்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. கலெக்டர் ஆபீசு கிட்டத்தில் வந்தது. கட்டுச்சோறு கட்ட வேண்டிய வேலை இல்லை. எங்கள் பக்கத்துக்கு ஒரு தலைவர் பேரு, அந்தப் பக்கத்துக்கு இன்னொரு தலைவர் பேரு என்று வைத்தார்கள். பிறகு தமிழ்நாடு முழுக்கத் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டு ஊர்ப் பேரே போதும் என்றார்கள். எங்கள் ஊர் விருதுநகர் ஆனது. ஓடைக்கு அந்தப் பக்கம் சிவகங்கை ஆனது. அந்தப் பக்கம்தான் எங்க அக்கா.

அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது அது அடுத்த ஊரு, அவ்வளவுதான். அக்கா வீட்டுச் சேவல் கூவினால் நம்ம வீட்டில் கேட்கும் என்று அம்மா சொல்வாள். அது கொஞ்சம் கூடுதல். ஆனாலும் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டுப் போனால் சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடலாம். நரிக்குடியிலிருந்து ஒரு பஸ்ஸு எங்கள் ஊர் வழியாக அக்கா ஊருக்குப் போய், அப்படியே மானாமதுரைக்குப் போகும்.

மாவட்டம் பிரிந்த பிறகு யாரும் ரோட்டை வெட்டிப் போடவில்லை. அப்படிச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ரோடு தானாகச் செத்தது. எங்கள் பக்கம் செப்பனிட வந்தவர்கள் எங்கள் ஊர்க் கடைசி வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் அக்கா ஊர்ப் பிள்ளையார் கோயிலோடு நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் கிடந்ததை மழை தின்றது, முள்ளு மூடியது. பஸ்ஸு எங்கள் ஊரோடு திரும்பியது. மானாமதுரைப் பஸ்ஸும் அக்கா ஊரோடு திரும்பியது. பஸ்ஸில் ஏறி இறங்கி அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பகல் போய்விடும்.

இரண்டு பக்க ஆபீசுக்கும் போனேன். எங்கள் பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, ஓடை எங்க லிமிட்டு இல்ல. அவுககிட்டக் கேளுங்க" என்றார். அப்போது எனக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை, அதற்குள் பெரியவர் ஆக்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஒரு வரைபடத்தை விரித்து, "கோடு இருக்குல்ல, கோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் நாங்க" என்றார்.

"கோட்டு மேலயே போற ரோட்ட யாருங்க போடுறது?" என்றேன்.

"கோட்டு மேல யாருங்க ரோடு போடுவா?" என்றார்.

அதோடு வந்துவிட்டேன்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அக்கா, அத்தைமுறைச் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முள்ளுக்குள் நடந்தே வந்தாள். பின்னால் மச்சான். பந்தலுக்குள் வரும்போது அக்கா சேலை முந்தி கிழிந்து தொங்கியது, கையில் ரத்தக்கோடு. சொந்தக்காரர்கள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டை இறக்கி வைத்துவிட்டு அக்கா சொன்னாள்:

"ஏலே, பூனாவுக்கு ரோடு தெரியுது ஒனக்கு. அக்கா வீட்டுக்கு மட்டும் தெரியலையாக்கும்?"

மச்சான் விடுவாரா. "அப்படிச் சொல்லாத புள்ள. மாப்ள வேற மாவட்டக்காரரு. நம்ம வீட்டுக்கு வரணும்னா அவருக்கு பெர்மிட்டு போடணும்ல."

பந்தலே சிரித்தது. என் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அடுத்த காதுகுத்துக்கு நீங்க வண்டியிலதான் வருவீக. இல்லைன்னா நான் மீசைய எடுத்துருறேன்" என்றேன். மீசை இன்றைக்கும் இருக்கிறது.

அந்தக் கோடையில் லாரியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ரோட்டில் இறங்கினேன். கரிமூட்டத்து ஆட்களை வைத்து முள்ளை வெட்டினேன். வேரை விட்டால் மறுபடி முளைக்கும், வேரோடு பிடுங்கினோம். டிராக்டரில் சரளை அடித்தேன். ஓடையில் சிமெண்டுக் குழாய் பதித்து மேலே கல் அடுக்கினேன். இஞ்சினியர் யாரும் வரவில்லை. தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு குடம் தண்ணியை ஊற்றிப் பார்த்துத்தான் வாட்டம் வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா ஊர்க்காரர்கள் எதிரில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நடுவில் ஒரு சிக்கல். பஸ்ஸு நின்ற பிறகு சர்வேக்காரர்கள் வந்து ஓடைக் கரையில் ஒரு எல்லைக் கல் ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய ரோட்டுத் தடத்துக்கு நட்டநடுவில். அந்தக் கல்லில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கால் இடறி விழுந்திருக்கிறாள். வீட்டுக்குப் போனால் பிள்ளைக்குக் காய்ச்சல். எல்லையில் நிற்கிறது, காவல் சாமியாகத்தான் இருக்கும் என்று மறுநாள் மஞ்சள் பூசிச் சூடம் கொளுத்திவிட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டது. அவ்வளவுதான், அந்தப் பக்கத்துப் பெண்களும் வந்து அவர்கள் பங்குக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். நான் ரோடு போட்டுக்கொண்டு அங்கே வரும்போது கல் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது. பிடுங்கினால் அரசாங்கம் கேஸ் போடும். பிடுங்கினால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்து என்னை எதிர்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ரோட்டை இரண்டாகப் பிரித்துக் கல்லைச் சுற்றி விட்டு, அந்தப் பக்கம் மறுபடி சேர்த்தேன். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, அரசாங்கம் நட்டதுல இது ஒண்ணைத்தான் ரெண்டு மாவட்டமும் கும்பிடுது" என்றார்.

என்னுடைய ரோட்டில் கல்யாணக் கார் போனது. பிரசவத்துக்குப் போனார்கள். வீரசோழன் சந்தைக்கு ஆடு போனது. அக்கா, மச்சான் ஓட்டுகிற மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். "என் தம்பி போட்டது" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாளாம். மச்சான்தான் சொன்னார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒவ்வொரு மழைக்கும் ஓடைப் பக்கம் ரோடு அரிக்கும். ஒவ்வொரு தை மாசமும் நான் சரளை அடிப்பேன். இரண்டு ஊரிலும் ஒருத்தன் ஒரு கூடை மண் போட்டதில்லை. "மொதலாளி ரோடு, மொதலாளி பாத்துக்குவாரு" என்று விட்டுவிட்டார்கள். பார்த்துக்கொண்டேன். பிறகு முட்டி தேய்ந்தது. மகன் கோயம்புத்தூர் போனான். லாரிகளைக் கொடுத்துவிட்டேன். மச்சானும் போய்ச் சேர்ந்தார். இரண்டு மழை, மூன்று மழை, நான் போகவில்லை. யாரும் போகவில்லை.

கார்த்திகை அடைமழையில் ஒரு காலையில் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, அம்மா போயிட்டாக."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அது விழாமல் தூக்க மாட்டார்கள். பிறந்த வீடு அவளை மறக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

வீரசோழனில் பழக்கமான ஜவுளிக்கடை பாயை எழுப்பிக் கடையைத் திறக்கச் சொன்னேன். அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்தேன், அக்காவுக்குப் பிடித்த கலர். பாய், "அண்ணாச்சி, அந்த ஓடையில ஆள் நிக்க முடியாதாம். சுத்தி மானாமதுரை வழியாப் போங்க" என்றார். அந்த வழியிலும் கண்மாய்த் தண்ணி ரோட்டை அறுத்துக்கொண்டு போய் வண்டிகள் நிற்பதாகச் செய்தி. கார் டிரைவர் ஓடைக் கரையில் நிறுத்திவிட்டு வண்டியைத் தண்ணியில் இறக்க மாட்டேன் என்றான்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்று என் பெண்டாட்டி கையைப் பிடித்தாள்.

"என் ரோடுடி இது" என்றேன்.

சேலைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மேலே செந்தண்ணி, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குழாய் எங்கே இருக்கிறது, கல் எங்கே அடுக்கினேன் என்று என் காலுக்குத் தெரியும். சரளை இன்னும் கிடந்தது. காலால் தடவித் தடவிப் போனேன். நடுவில் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. எல்லைக் கல்லின் தலை மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். என் வயசில் அந்த ஓடையைக் கடக்க இந்த இரண்டு மாவட்டத்தில் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தேர்ப்பாடை கட்டி முடித்து, தூக்கத் தயாராக நிற்கிறார்கள். அக்கா மேல் ஒரு பச்சைச் சேலை போர்த்தியிருந்தது.

அக்கா மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "மாமா, நீங்க வரமாட்டீகன்னு நெனச்சிட்டோம். மழை நிக்கல, சுடுகாட்டுலயும் தண்ணி ஏறுது. கோடி இல்லாமத் தூக்கக்கூடாதுல்ல. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை, அம்மா பிரிக்காம வச்சிருந்தாக. அதை எடுத்து, மாமா அனுப்பிச்ச கோடின்னு சொல்லிப் போட்டுட்டோம். உங்க பேரைத்தான் மாமா சொன்னோம்."

என் பையிலிருந்து தண்ணி சொட்டுகிறது. அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "பொறந்த வீட்டுக் கோடி விழுந்தாச்சுய்யா. ரெண்டாந்தடவ போடுற வழக்கம் இல்ல." அவர் மேல் தப்பில்லை. வழக்கம் அதுதான்.

அந்தச் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதைக் கட்ட மாட்டேன் என்கிறார்கள். யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை.

இப்போது தார் ரோட்டுக்கு வருகிறேன். குமாரலிங்கபுரத்தில் பெரிய துணிப் பூங்கா வருகிறதாம், அதற்கு ஊர் ஊராக ஆள் எடுப்பார்களாம். ஏற்கெனவே மில்லு வேன்கள் பெண்களை ஏற்ற இரண்டு பக்கமும் சுற்றுகின்றன. அவர்கள் வந்து போகத்தான் கோட்டு மேல் ரோடு போடலாம் என்று இப்போது இரண்டு ஆபீசுக்கும் தோன்றியிருக்கிறது. போடட்டும், சந்தோஷம். வேலை நடக்கும்போது நான் போய் நின்றேன். ரோலர் ஓட்டுகிற பையன், "கீழ சும்மா இறுகிக் கெடக்குங்கய்யா, யாரோ நல்லா அடிச்சிருக்காக" என்றான். யாரோ!

மேற்பார்வை பார்த்த இளவட்ட அதிகாரியிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, ரெக்கார்டுல இந்த எடத்துல பாதையே இல்ல."

"ரெக்கார்டுல இல்லாத பாதையில ஒங்க ரோலர் எப்படித் தம்பி உள்ள வந்துச்சு?" என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

எல்லைக் கல்லை ஜேசிபி பிடுங்கிப் போட்டது. கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓடைக்குள் கவிழ்ந்து கிடக்கிறது, மஞ்சள் இன்னும் முழுக்கப் போகவில்லை. அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் இப்போது கறுப்புக் கல் நிற்கிறது.

திறப்பு விழா அன்றைக்கு அக்கா மகன் என்னை வண்டிவரைக்கும் கொண்டுவந்து விட்டான். "விடுங்க மாமா. ஊருக்கே தெரியும் நீங்க போட்டதுன்னு."

"ஊருக்குத் தெரியும்னா எதுக்குடா கல்லு வெட்டுறாக?" என்றேன்.

புது ரோட்டில் என் காரில் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடைசி வீட்டிலிருந்து அக்கா வீடு வரைக்கும் டயர் சத்தம் மாறவே இல்லை. எந்த இடத்தில் விருதுநகர் முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. போய் இறங்கினேன். வீட்டில் பூட்டு தொங்கியது. அக்கா மகன் மில்லுக்குப் போயிருந்தான். அந்த வீட்டில் எனக்குக் கதவைத் திறக்க இனி யாரும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகையால் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கல்லில் இருக்கிற பேர்களை எடுக்கச் சொல்லவில்லை, அவர்கள் தார் போட்டவர்கள், இருக்கட்டும். "புதிய" என்கிற வார்த்தையை வெட்டி எடுங்கள். அதன் கீழே, இங்கே முன்னால் ஒரு ரோடு இருந்தது, அதை அக்கா வீட்டுக்குப் போக ஒரு தம்பி போட்டான் என்று ஒரு வரி வெட்டுங்கள். கொத்தனாரை நானே கூட்டிவருகிறேன்.

அக்கா மகனுக்கும் ஒன்று சொல்கிறேன். நான் போடாத கோடிக்கு ஊர் முன்னால் என் பேரைச் சொன்னாய். அது உன் சேலை, நீ போட்டது, அந்தப் பேரை நீயே எடுத்துக்கொள். நான் போட்ட ரோட்டுக்கு என் பேரைச் சொல். அதே ஊர் முன்னால், அதே மாதிரி சத்தமாக.